முதுகு தாழ்ந்த வண்டி

பழைய மோட்டார் வண்டிகளை ஆசையோடு வைத்திருப்போர் பெரும்பாலும் அவற்றின் முகத்தையே பார்த்து மகிழ்கிறார்கள். வட்ட விளக்குகளையும் வெள்ளிபோல் மின்னும் பம்பரையும் ஞாயிறுதோறும் துடைத்து அழகு பார்க்கிறார்கள். ஆயின், ஒரு வண்டியின் வயதையும் உடல்நிலையையும் அறிய விரும்புவோர் நோக்க வேண்டிய இடம் முகமன்று, பக்கம். சமதரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பக்கவாட்டிற் பாருங்கள். அதன் முதுகு நேராக நிற்கிறதா, அல்லது நெடுந்தூரம் பாரம் இழுத்த மாடு பின்னங்கால்களை மடக்கத் தொடங்கியது போலப் பின்புறம் பதிந்து கிடக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொள்ளக் காரணம், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாயார் நமக்கு எழுதிய கடிதம். அவருடைய மகன் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார். 1969ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம். ஜி. பி. என்னும் சிறிய விளையாட்டு வண்டி ஒன்றை அங்கே வாங்கியிருக்கிறார். அதன் பின்பக்கத்து வில் இரண்டும் தாழ்ந்துவிட்டனவாம். ‘இன்னும் கடினமான வில்லாகப் பார்த்துப் போடு’ என்கிறாராம் ஒரு நண்பர். ‘வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைத்தாற் போதும்’ என்கிறாராம் மற்றொருவர். மகனோ சனி, ஞாயிறுகளில் வண்டிக்கு அடியிற் படுத்தபடியே வீட்டாருடன் தொலைபேசியிற் பேசுகிறாராம். ‘அது என்ன வில்? அதற்காக ஒரு பிள்ளை இரும்புக்கு அடியிற் கிடக்கத்தான் வேண்டுமோ?’ என்று அம்மையார் கேட்கிறார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். முதற் கேள்விக்குச் சற்று விரிவாகவும், இரண்டாவதற்குக் கண்டிப்பாகவும் விடை கூறவேண்டியிருக்கிறது.

வண்டியை முதலில் அறிந்துகொள்வோம். எம். ஜி. என்ற ஈரெழுத்தும் ஒக்ஸ்போர்ட் நகரில் இருந்த மொறிஸ் கராஜஸ் என்னும் நிலையத்தின் பெயரைச் சுருக்கியவை. 1920களில் அந்நிலையத்தை நடத்திவந்த செசில் கிம்பர் என்பவர், சாதாரண மொறிஸ் வண்டிகளுக்கு வேகமும் அழகும் ஊட்டி விற்கத் தொடங்கினார். பின்னர் அபிங்டன் என்ற சிற்றூரில் இவ்வண்டிகளுக்கெனத் தனித் தொழிற்சாலை ஏற்பட்டது. எம். ஜி. பி. 1962இல் அங்கே பிறந்தது. கூரை மூடிய ஜி. டி. என்னும் வகை 1965இல் வந்தது. 1980ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொழிற்சாலை மூடப்படும் வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றுட் பல இன்றும் ஓடுவதால் உதிரிப்பாகங்களுக்குக் குறைவில்லை. நம் நாட்டு வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனர் இதற்கு உறவுக்கார வண்டி. மைனரின் பின்புறத்தைத் தாங்குவதும் இதே வகை வில்தான். ஆதலால், வீட்டில் ஒரு மைனரைப் பேணி வருவோர்க்கும் இங்கே கூறுவன பெரும்பாலும் பொருந்தும்.

இனி, வில்லைப் பற்றி. இது சுருள் வில் அன்று, தகட்டு வில். உருக்குத் தகடுகள் பலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டினால் இறுக்கி, அம்பு எய்யும் வில்லைப்போல வளைத்திருப்பார்கள். மேல்தகடு மிக நீளமானது. அதன் இரு நுனிகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். இவ்வளையத்தைக் ‘கண்’ என்பர். கீழே வரவரத் தகடுகள் குறுகும். குதிரை வண்டிக் காலத்திலேயே தோன்றிய ஏற்பாடு இது. இலண்டனில் வண்டி செய்து வந்த ஒபதையா எலியட் என்பவர் 1804இல் இவ்வகை வில்லுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன்பின் பயணிகளின் முதுகெலும்பு ஓரளவு தப்பியது என்று கூறலாம்.

ஒரே தடித்த உருக்குப் பாளத்தை வைக்காமல் ஏன் பல மெல்லிய தகடுகளை அடுக்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய தகடு, தடித்த பாளம் வளைந்து கெட்டுப்போகும் அளவையும் தாண்டி வளைந்து, மறுபடி தன் நிலைக்கு மீளும். பல தகடுகள் கூடிப் பாரத்தைச் சுமக்கும். கூட்டுக் குடும்பம் போன்ற ஏற்பாடு. தகடுகள் குறுகிக்கொண்டு போவதும் காரணத்தோடுதான். வளைவின் வேகம் நடுவில் மிகுதி, நுனிகளிற் குறைவு; ஆகவே, நடுவில்தான் துணைத் தகடுகள் அதிகம் வேண்டும்.

இவ்வில்லுக்கு வேலை ஒன்றன்று, இரண்டு. வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஒன்று. பின் அச்சை முன்னும் பின்னும் பக்கத்திலும் நகராமல் அதற்குரிய இடத்திற் பிடித்து வைப்பது மற்றொன்று. எம். ஜி. பி. வண்டியில் அச்சைப் பிடித்திருக்க வேறு கைகள் இல்லை. வில்லின் முன்கண் ஒரு போல்ட்டினால் வண்டியின் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. பின்கண், சக்கிள் என்று மெக்கானிக்குகள் கூறும் ஊஞ்சல் போன்ற இரு சிறு பட்டைகளில் தொங்குகிறது. பாரம் ஏறி வில் நிமிரும்போது நீளும் அன்றோ? அந்த நீட்சிக்கு இடங்கொடுக்கவே இவ்வூஞ்சல். நடுவில், யூ எழுத்து வடிவான இரண்டு போல்ட்டுகள் அச்சையும் வில்லையும் கட்டி வைக்கின்றன. உலோகம் உலோகத்தோடு உரசாதிருக்கக் கண்களின் உள்ளே றப்பர் புஷ்களும், அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே றப்பர் மெத்தைகளும் உண்டு.

வில் எப்படித் தாழ்கிறது என்பதைச் சற்று நிதானித்து அறிவது நல்லது. நண்பர்களின் இரு யோசனைகளும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. றொபேட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1678இல் வெளியிட்ட விதி ஒன்று உண்டு. இழுக்கும் விசை எவ்வளவோ, நீட்சியும் அவ்வளவு என்பது அதன் சாரம். இவ்விதி ஓர் எல்லை வரைதான் செல்லும். எல்லையைக் கடந்து வளைக்கப்பட்ட உருக்கு முழுவதும் மீளாது. சிறிது வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். ஐம்பது, அறுபது ஆண்டுகள் இரவும் பகலும் பாரத்தைச் சுமந்து, பள்ளந்தோறும் மேலும் அமுங்கி எழும்பிய வில், ஒவ்வொரு முறையும் மயிரிழை மயிரிழையாகத் தன் வளைவை இழக்கிறது. துருப்பிடித்துத் தகடு மெலிந்தாலோ, ஒரு தகடு வெடித்தாலோ, மற்றத் தகடுகளின் சுமை கூடி இழப்பு விரைவாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இவ்வாறு தாழ்ந்த வில்லின் தகடுகள் துருவாலும் வெடிப்பாலும் கெடாமல் முழுமையாக இருக்குமானால், அது தன் விறைப்பை இழக்கவில்லை. நூறு இறாத்தல் பாரம் ஏற்றினால் புதிதாயிருந்தபோது எத்தனை அங்குலம் அமுங்கியதோ, ஏறத்தாழ அத்தனை அங்குலமே இன்றும் அமுங்கும். அது இழந்தது வடிவத்தை. நிற்க வேண்டிய உயரத்திலிருந்து கீழே நிற்கிறது, அவ்வளவே. அப்படியானால் பயணம் ஏன் கரடுமுரடாகிறது? அச்சுக்கு மேலே, அது வண்டியின் உடலில் மோதாதிருக்க ஒரு தடுப்பு றப்பர் வைத்திருக்கிறார்கள். வில் தாழ்ந்தபின் அச்சுக்கும் அந்த றப்பருக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. சிறு பள்ளத்திலும் அச்சு போய் முட்டுகிறது. முட்டும் கணத்தில் வில் வேலை செய்வதில்லை. நாம் முதுகில் உணரும் இடி, வில்லின் மென்மையன்று, வில்லுக்கு இடமில்லாமையே.

இவ்வுண்மையை வைத்துக்கொண்டு முதல் நண்பரின் யோசனையைப் பாருங்கள். கடினமான வில் வண்டியை உயர்த்தும். அத்துடன், விட்ட குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் புதிய குறை ஒன்றையும் சேர்க்கும். எம். ஜி. பி.யின் பின்புறம் பாரமற்றது. மிகையான விறைப்புள்ள வில்லின்மேல் அப்பின்புறம் மேடு பள்ளங்களிற் குதிக்கும். வளைவிற் சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளும். ஈரமான ஆங்கில நாட்டுத் தெருவில் அது விளையாட்டாகாது. தாழ்ந்த வில்லுக்கு மருந்து, சரியான விறைப்பும் சரியான உயரமும் உள்ள வில், அதற்கு மேற்பட்டதன்று.

இரண்டாம் நண்பரின் இரும்புக் கட்டை இதைவிடப் பொல்லாதது. இவ்வண்டியில் அச்சு வில்லின்மேல் அமர்ந்திருக்கிறது. நடுவே ஒரு கட்டையைச் செருகினால் அச்சு இன்னும் மேலே போகும். வண்டி மேலும் தாழும். சில லொறிகளில் அச்சு வில்லுக்குக் கீழே இருப்பதால் கட்டை வைத்து உயர்த்துவதுண்டு. லொறியில் கண்டதை இங்கே கூறுவது, கொக்குக்கு ஏற்ற சாடியில் நரிக்கு விருந்து வைத்த கதையாகும்.

நிற்க. புதிய வில்லுக்குப் பணம் அனுப்புமுன், குற்றம் வில்லினுடையதுதானா என்று விசாரிக்கவேண்டும். கண்ணை நம்பக்கூடாது. வண்டி ஒரே நாளில் தாழ்வதில்லை. ஆதலால் தினமும் பார்க்கும் கண் அதற்குப் பழகிப்போகிறது. அளவு நாடாவை எடுங்கள். சமதரையில் நிறுத்தி, நான்கு ரயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, வண்டிக்குள் இருக்கும் மூட்டை முடிச்சுகளை இறக்கிவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இரு பக்கமும் அளக்கவேண்டும். இங்கிலாந்தில் ஓட்டுநர் வலப்பக்கத்தில் இருப்பவர். எந்நாளும் ஒருவரே ஓட்டிய வண்டியில் வலப்பக்கம் சற்று அதிகமாகத் தாழ்ந்திருப்பதுண்டு. ஆயினும், ஒரு மூலை தாழ்ந்திருப்பதற்கு அம்மூலையே காரணமென்று முடிவு செய்துவிடலாகாது. நாற்காலியின் ஒரு கால் நீண்டால் முழு நாற்காலியும் ஆடுவதுபோல, இடது முன்புறம் உயர்ந்திருந்தால் வலது பின்புறம் தாழும். முன்புறத்தை நடுவில் ஒரே இடத்தில் ஜக்கினால் சற்று உயர்த்திவிட்டுப் பின்புறத்தை மறுபடி அளந்தால் உண்மை வெளிப்படும். அப்போது இரு பக்கமும் சமமானால் குற்றவாளி முன்னால் இருக்கிறான்.

கிடைத்த அளவை எதனோடு ஒப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்க நாட்டின் பம்பர், விளக்குச் சட்டங்களுக்கு இணங்கும்பொருட்டு 1974ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் எம். ஜி. பி. வண்டிகள் கரிய நிறப் பெரும் பம்பர்களோடு, முன்னையவற்றைவிட ஓர் அங்குலத்துக்கு மேலாக உயர்த்திச் செய்யப்பட்டன. அந்த வண்டியின் அளவை 1969ஆம் ஆண்டு வண்டிக்குக் கொண்டுவந்தால், தாழாத வில்லும் தாழ்ந்ததாகவே தோன்றும். கூரையுள்ள ஜி. டி. பாரம் கூடியது, அதற்குரிய வில்லும் வேறு. எனவே, வில் வாங்குவோர் வண்டியின் ஆண்டு, உடலின் வகை, பின் அச்சின் வகை ஆகிய மூன்றையும் சொல்லியே கேட்கவேண்டும்.

அடுத்து, வண்டிக்கு அடியிற் பார்வையைச் செலுத்துக. றப்பர் புஷ்கள் நசுங்கிக் கண்ணின் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தால் அவற்றாலும் வண்டி சிறிது தாழும். தகடுகளில், விசேடமாக நடு போல்ட்டுக்கும் யூ போல்ட்டுகளுக்கும் அண்மையில், வெடிப்பு உண்டா என்று கம்பித் தூரிகையால் துடைத்துப் பாருங்கள். பின் ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிகிறதா என்றும் கவனியுங்கள். இவ்வண்டியில் அது குழாய் வடிவினதன்று. கையுள்ள ஒரு சிறு வார்ப்புப் பெட்டி. அது பாரம் சுமப்பதில்லை. வில்லின் ஆட்டத்தை அடக்குவதே அதன் தொழில். அதை மாற்றினால் ஆட்டம் நிற்கும். உயரம் ஓர் இழையும் கூடாது. இவ்வேறுபாட்டை அறியாமற் செலவு செய்தோர் பலர்.

இவை எல்லாவற்றினும் முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. வில்லின் முன்கண் பூட்டப்படும் இடத்தையும், சக்கிள் தொங்கும் இடத்தையும் திருப்புளியின் நுனியால் அழுத்திப் பார்க்கவேண்டும். எம். ஜி. பி.க்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டுருக்கை மடித்து ஒட்டிச் செய்த உடலே சட்டம். அதன் மடிப்புகளில் நீரும், குளிர்காலத்தில் அந்நாட்டுத் தெருக்களில் தூவும் உப்பும் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். பூச்சு மினுங்கும் இடத்தில் திருப்புளி உள்ளே இறங்கினால், அன்றைக்கு வில் வேலை இல்லை, ஒட்டு வேலைதான். உளுத்த தூணில் புதிய ஊஞ்சல் கட்டுவார் உண்டோ?

பழைய வில்லையே வளைத்துக்கொள்ளலாமே என்ற கேள்வியும் எழும். சிக்கனத்தில் ஊறிய நமக்கு அது இயல்பாகத் தோன்றும் யோசனை. லொறிகளுக்கு வில் கட்டும் பட்டறைகளில் தகடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக அடித்து வளைவு ஏற்றுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைத்த தகடு சில காலம் நின்றுவிட்டுத் திரும்பவும் தாழ்ந்துவிடும். முறையாகச் செய்வதென்றால் தகட்டை ஏறத்தாழ 850 பாகை செல்சியஸ் வரை செஞ்சூடாக்கி வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தவேண்டும். சூடு கூடினாலும் குறைந்தாலும் தகடு ஒன்றில் கண்ணாடிபோல வெடிக்கும், அல்லது தகரம்போல மடங்கும். துரு தின்ற குழிகளைச் சூடு ஆற்றாது. வெடிப்பு தொடங்குவது அக்குழிகளில்தான். ஆகவே கிடைத்தற்கரிய வண்டியாயின், அறிந்த பட்டறையில் பழையதைப் புதுப்பிப்பது முறை. எம். ஜி. பி. போலப் புதிய வில் தாராளமாகக் கிடைக்கும் வண்டிக்குப் புதியதே மேல். புதியவற்றுட் சில வண்டியை அளவுக்கு மிஞ்சி உயர்த்திவிடுகின்றன என்ற முறைப்பாடும் உண்டு. ஆதலால், விலையை மாத்திரம் பாராது, அதே வகை வண்டியில் அதனைப் பூட்டி ஓட்டியவர்களைக் கேட்டு வாங்குவது உத்தமம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றவேண்டும். புதியதும் பழையதும் ஒரே நுகத்திற் பூட்டப்பட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நடக்கும். றப்பர் புஷ்களும், மெத்தைகளும், யூ போல்ட்டுகளும் புதியனவாகவே இருக்கட்டும். வில்லின் விலையோடு பார்த்தால் அவை சொற்பம்.

இனி, தாயாரின் இரண்டாம் கேள்வி. வண்டியின் அடியிற் படுக்கத்தான் வேண்டுமோ? வேண்டும், வேறு வழியில்லை. பின்புறம் மட்டும் பல நூறு இறாத்தல் எடை. அது ஒருவர் மார்பின்மேல் இறங்குவதற்கு ஒரு கணம் போதும். ஆகையால், பின்வருவன யோசனைகளல்ல. நிபந்தனைகள் என்று அம்மையார் மகனுக்கு எழுதட்டும்.

சரிவில்லாத, உறுதியான சீமெந்துத் தரையிலேயே வேலை நடக்கவேண்டும். இவ்வண்டியின் கைப்பிறேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பது. பின்சக்கரங்கள் நிலத்தை விட்டு எழுந்ததும் அது பிடிக்காததற்குச் சமம். எனவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அணைக்கவேண்டும். ஜக்கு உயர்த்துவதற்கே உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. வண்டியை உயர்த்தியவுடன் வில்லின் முன்கண் பூட்டிய இடத்துக்குச் சற்று முன்னால், சட்டத்தின் உறுதியான பகுதியில் இரண்டு இரும்பு முட்டுக்கால்களை வைத்து வண்டியை அவற்றின்மேல் இறக்கவேண்டும். சட்டம் உளுத்திருந்தால் முட்டுக்காலே அதைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். திருப்புளிச் சோதனையை முதலில் செய்யச் சொன்னது இதற்காகவுந்தான். செங்கல்லும் கொங்கிறீற்றுக் கல்லும் உதவா. அவை முன்னறிவித்தலின்றிப் பிளப்பவை. முட்டுக்கால்களின்மேல் நிற்கும் வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பார்த்து, அசையாவிட்டால் மட்டுமே அடியிற் போகலாம். கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் இருக்கவேண்டும். தொலைபேசியில் அம்மாவோடு பேசுவது வேலை முடிந்து வெளியே வந்தபிறகு.

நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்கண்ணின் போல்ட் பல ஆண்டுத் துருவினால், புஷ்ஷின் உள்ளே இருக்கும் உருக்குக் குழலோடு ஒன்றாகிப் போயிருக்கும். திருகினால் தலை சுழலும், போல்ட் வெளிவராது. பொறுமை இழந்தோர் உடனே ஊதுவிளக்கைத் தேடுவர். வேண்டாம். எம். ஜி. பி.யின் பெற்றோல் தாங்கி பின்பக்கத்துச் சாமான் பெட்டியின் அடியில், வலது சக்கிளுக்கு அருகில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு வண்டியில் ஆசனங்களுக்குப் பின்னால், முன்கண்களுக்கு அண்மையில், ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு இருக்கின்றன. அவற்றிலிருந்து எரியக்கூடிய வாயு எழுவதுண்டு. றப்பர் எரியும் புகையும் நஞ்சு. மூன்று நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு வாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், பற்றரித் தொடர்பை நீக்கிவிட்டுக் கைவாளினால் கண்ணின் இருபுறமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். தலைபோகிற அவசரம் எதுவுமில்லை. போல்ட் மலிவானது.

வேலை முறை சிக்கலானதன்று. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தையே கழற்றவேண்டும். மறுபக்கம் அச்சை அதன் இடத்திற் பிடித்திருக்கும். அச்சின் எடையை ஜக்கில் தாங்கிக்கொண்டு, ஷொக் அப்சோபரின் இணைப்பையும், அச்சு கீழே தொங்கிவிடாமற் பிடிக்கும் வாரையும் விடுவித்து, யூ போல்ட்டுகளைக் கழற்றி, ஜக்கைச் சிறிது சிறிதாக இறக்கினால் வில் தன் இறுக்கம் நீங்கித் தளரும். அச்சு பிறேக் குழாயில் தொங்கிவிடலாகாது. சக்கிளையும் முன் போல்ட்டையும் எடுத்தால் வில் கையோடு வரும். அது கனமானது, முகத்துக்கு நேரே படுத்திருந்து கழற்றக்கூடாது. புதிய வில்லைப் பூட்டும்போது நடு போல்ட்டின் தலை அதற்குரிய துவாரத்தில் சரியாக அமர்ந்ததா என்று பார்க்கவேண்டும். அச்சு நேராக நிற்பது அதனாலேதான். யூ போல்ட்டுகளின் நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சமமாக இறுக்கிவர வேண்டும்.

நல்ல வில் வாங்கி, நன்றாகப் பூட்டி, கடைசி அரைமணி நேரத்திற் கெடுத்துக்கொள்வோர் அநேகர். கெடுவது எங்கே என்று கூறுவோம். முன்கண்ணின் புஷ்ஷில் றப்பர், உள்ளேயுள்ள உருக்குக் குழலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. வில் அசையும்போது றப்பர் வழுக்கிச் சுழல்வதில்லை. தானே முறுகி மீள்கிறது. வண்டி முட்டுக்கால்களில் நிற்க, வில் பாரமின்றி வளைந்து தொங்கும் நிலையில் முன் போல்ட்டை முற்றாக இறுக்கிவிட்டால், றப்பர் அந்நிலையையே தன் இயல்பு நிலையாகக் கொள்ளும். பிறகு வண்டியை இறக்கியதும் வில் நிமிரும், றப்பர் முறுகும். அன்று முதல் வண்டி வெறுமனே நிற்கும் இரவிலும் அது முறுகியபடியே கிடக்கும். ஓடும்போது மேலும் முறுகும். சில மாதங்களிற் கிழிந்துபோகும். அதுவரையும், முறுகிய றப்பர் வண்டியைச் சிறிது தூக்கிப் பிடித்திருப்பதால், வில்லின் உண்மையான உயரமும் தெரியாது. கிழிந்தபிறகு வண்டி தாழ்ந்ததும், ‘புதிய வில்லும் உதவவில்லை’ என்று வில்லின் மேல் பழி விழும்.

ஆகவே, முன் போல்ட்டையும் சக்கிளின் நட்டுகளையும் கையளவு முறுக்கி விட்டுவிடுங்கள். சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலைந்து முறை பின்புறத்தை அமுக்கி எழுப்பி, அது தானாக அமர்ந்தபின், அதன் முழுப் பாரமும் சக்கரங்களின்மேல் இருக்கும் நிலையிற் கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். எந்தப் பாரத்தைச் சுமக்கப் போகிறதோ, அந்தப் பாரத்தோடேயே அதனைப் பொருத்தவேண்டும். ஸ்பனர் நுழைய இடம் போதாதென்றால், பின்சக்கரங்களைச் சற்று உயரமான, அகன்ற மரச் சாய்தளங்களில் ஏற்றி நிறுத்திக்கொள்ளலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை அணைப்பது அப்போதும் தவறக்கூடாது.

புதிய வில் பூட்டிய வண்டி முதலிற் சற்று உயர்ந்து நிற்கக்கூடும். கலங்கவேண்டாம். சில நூறு மைல் ஓடியபின் தகடுகளும் றப்பரும் ஒன்றோடொன்று இசைந்து சிறிது அமரும். நூறு மைல் அளவில் யூ போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம். புதிய றப்பர் மெத்தைகள் அமுங்குவதால் அவை தளரும். பின்புறம் தாழ்ந்திருந்த காலத்தில் வானத்தை நோக்கிய முன்விளக்குகளை யாரேனும் திருத்தியிருந்தால், இப்போது அவை தரையை நோக்கும். அவற்றையும் சரிசெய்தபின்பே இரவில் ஓட்டவேண்டும். வண்டி அமர்ந்த பிறகு, முன்பு அளந்த அதே இடத்தில் மறுபடி அளந்து, திகதியோடு ஒரு சிறு கொப்பியில் எழுதி வண்டிக்குள்ளேயே வைத்திருப்பது நல்ல பழக்கம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வண்டி தாழ்ந்ததா இல்லையா என்று நண்பர்களிடம் கேட்டுத் திரியவேண்டியதில்லை. அந்தக் கொப்பியே சொல்லிவிடும்.